இஸ்காளின் வலது கண்

மை அரைப்பதற்கு விடியற்காலைதான் ஏற்றது. வெயில் ஏறிவிட்டால் எண்ணெய் இளகிப் பொடி கல்லோடு ஒட்டிக்கொள்ளும். இமையில் இழுக்கும்போது திரிதிரியாக வரும். அரண்மனைப் பெண்கள் அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். பத்தொன்பது வருடமாகச் சமாரியா அரண்மனையில் நான்தான் மை அரைக்கிறேன். கண்ணுக்கு மருந்து போடுவதும் நான்தான். என் கையால் மையிட்டுக்கொண்டவர்களில் ஒருவரைத் தவிர யாருக்கும் கண்ணில் ஒரு குறையும் வந்ததில்லை. அந்த ஒருவரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன். எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம், நான் நிதானமாகப் பேசுகிறவன்.

என் பெயர் மெராயா. யோர்தானுக்குக் கிழக்கே கீலேயாத் மலைப்பக்கம் பிறந்தவன். தீர்க்கதரிசி கதியேல் என் கூடப் பிறந்த அண்ணன். போன வாரம் வரை இந்த ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. எங்கள் அம்மா செத்தபோது எனக்கு நான்கு வயது, அவருக்குப் பதினைந்து. ஆராமியர் கொள்ளையடிக்க வந்த வருடம் மூன்று நாள் என்னைத் தோளில் சுமந்துகொண்டே காட்டில் ஓடினார். அந்த மூன்று நாளும் அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சாப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது. எனக்குப் பதினான்கு வயதானதும் இங்கே கூட்டிவந்து, அரண்மனையில் மை அரைத்துக்கொண்டிருந்த சீதோன்காரக் கிழவரிடம் என்னை ஒப்படைத்தார்.

"நீ இங்கயே இருடா. நான் போற வழியில உனக்குச் சோறு கிடைக்காது," என்றார்.

அதற்குப் பிறகுதான் அவருக்குக் கர்த்தருடைய வார்த்தை வர ஆரம்பித்தது. ரோமக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஊர் ஊராகப் போவார், பெரிய இடத்துக்காரர்களைப் பார்த்து அவர்களுக்குப் பிடிக்காததைச் சொல்வார். சமாரியாவுக்கு வரும்போதெல்லாம் தெருவில் என்னைத் தாண்டித்தான் போவார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் தலைக்கு வரும் ஆபத்து என் தலைக்கும் வரக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார். எனக்கு அது புரிந்தது. புரிந்தாலும் ஒவ்வொரு முறையும் வலித்தது, அதையும் மறைக்கவில்லை.

வாற்கோதுமை அறுவடை முடிந்து அரசர் கொடுத்த விருந்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. யெஸ்ரயேலில் அரசர் புதிதாக ஒரு கோடைக்கால வீடு கட்டியிருந்தார். ஊர்ச் சுனையை வளைத்து மதில் எழுப்பிக் கட்டிய வீடு. தண்ணீருக்கு ஊர்க்காரர்கள் இரண்டு மலை தாண்டிப் போகிறார்கள் என்று கேள்வி. விருந்தில் அரசர் அந்த வீட்டின் அழகைப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள் இஸ்காள். பதினேழு வயது. சீதோன் ராஜவீட்டுக்கு நிச்சயமானவள். கல்யாணம் வரை வெளியே விடக்கூடாது என்று அந்தப்புரத்திலேயே வைத்திருந்தார்கள். அரசர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். 'எங்க வீட்டுக் கண்ணு' என்றுதான் சொல்வார். தோழிகளெல்லாம் அதைச் சொல்லியே அவளைக் கேலி செய்வார்கள்.

அண்ணன் உள்ளே வந்தார். வாசற்காவலர்கள் தடுக்கவில்லை. தீர்க்கதரிசியைத் தொட எல்லோருக்கும் கொஞ்சம் பயம்தான்.

"என்ன கீலேயாத்தான், வாசனை முன்னாடி வந்துடுச்சு, நீ இப்பத்தான் வர்றே," என்றார் அரசர். கூடம் முழுக்கச் சிரித்தது. "உக்காரு, சாப்பிடு."

"சோத்துக்கு வரல ராசா. அதுக்குத்தான் உங்ககிட்ட ஒரு கூட்டமே இருக்கே," என்று பந்தியில் இருந்த அரண்மனைத் தீர்க்கதரிசிகளைக் காட்டினார் அண்ணன். "மத்தது எப்படியோ, சாப்பாட்டு நேரத்த மட்டும் தப்பாமச் சொல்லுவாங்க."

இதற்கும் சிலர் சிரித்தார்கள். அரசர்கூடச் சிரித்தார். பிறகு அண்ணன் கையை நீட்டினார், அவர் குரல் மாறியது. அந்தக் குரலில் பேசும்போது அவர் மரியாதை பார்க்க மாட்டார், பேசுவது அவர் இல்லை என்பதால்.

"நீ உன் வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கியே ஒரு கண்ணு, அது அடைஞ்சு போகும். இந்த வருசம் திராட்சை மிதிக்கிறதுக்கு முன்னாடி. கர்த்தர் சொல்றாரு."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி இஸ்காளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அன்று காலை நான் இட்ட மை அவள் கண்ணில் சீராக இருந்தது. அரசரின் கை அவள் தோளில் இருந்தது. அவர் கத்தவில்லை.

"எழுதிக்கோ," என்றார் எழுத்தரிடம். "இவனைக் காவல்ல வை. திராட்சை மிதிக்கிற நாள் வரைக்கும் ஒரு குறையும் வேண்டாம், ரொட்டி குடு, தண்ணி குடு. சொன்னது நடந்தா இவன் தீர்க்கதரிசி. நடக்கலைன்னா, மோசே எழுதி வெச்சதை மாத்த நான் யாரு?"

மோசே எழுதி வைத்தது எல்லோருக்கும் தெரியும். கர்த்தர் பெயரில் ஒருவன் சொன்ன காரியம் நடக்காமல் போனால், அதைக் கர்த்தர் சொல்லவில்லை என்று அர்த்தம். சொன்னவன் சாகவேண்டும். ஊர்வாசலுக்கு வெளியே, கல்லெறிந்து.

அண்ணன் சொன்னதை ஒரு பானை ஓட்டில் எழுதி, மூப்பர் சக்கூரிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள், பிறை தெரிந்ததும், சக்கூர் வாசலில் நின்று அதை உரக்கப் படிப்பார். எழுத்தர் சுருக்கமாகத்தான் எழுதியிருந்தார்: 'அரசர் வீட்டில் அடைத்து வைத்த கண் அடைந்துபோகும்.' கூட்டம் 'இன்னும் இல்லை' என்று சொல்லும். முதல் பிறைக்கே வாசலுக்கு வெளியே சிறு கற்குவியல் ஒன்று இருந்தது. இரண்டாம் பிறைக்குள் அது இடுப்பளவு உயர்ந்துவிட்டது. ஒலிவ எண்ணெய் விற்க வந்த ஒருவன், விற்று முடித்தபின் கழுதை சும்மா நிற்பானேன் என்று, ஆற்றங்கரைக்குப் போய் நல்ல உருண்டைக் கல்லாகப் பார்த்து ஏற்றி வந்து போட்டான். அவனுக்கும் என் அண்ணனுக்கும் ஒரு பகையும் கிடையாது. அண்ணனை அவன் பார்த்ததுகூட இல்லை.

காவல் அறையில் புகை அதிகம். கைதியின் கண் சிவந்து வீங்கிவிட்டது என்று மருந்து போட என்னை அனுப்பினார்கள். பத்தொன்பது வருடத்தில் நாங்கள் தனியாக இருந்தது அன்றுதான்.

"அண்ணே," என்றேன்.

"யாருக்கு யாரு அண்ணன்? மருந்தைப் போட்டுட்டுக் கிளம்பு." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அண்ணே, நீங்க சொன்னது எந்தக் கண்ணு? அந்தப் பொண்ணா?"

"எனக்கு வந்தது அந்த வார்த்தை மட்டும்தான். அதுக்கு மேல எனக்கே தெரியாது. நீ கேக்காதே."

"நடக்கலைன்னா?"

"நான் பொய்யன்னு அர்த்தம். பொய்யனக் கல்லெறியறது நியாயம்தானே."

"பயமா இல்லையா?"

"ஏன் இல்லாம? இருக்கு." என் கையைப் பிடித்தார். "மெராயா, நீ எதுவும் பண்ணிடாதே. கர்த்தர் சொன்னதை அவரே பாத்துக்குவாரு. நீ கையக் கட்டிக்கிட்டு உக்காரு."

வாய் இப்படிச் சொன்னது. ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கையைப் பார்த்துப் பழகியவன். கண்ணுக்குள் குச்சியை விடுகிறவன் தன் கையையும் எதிரே இருப்பவர் கையையும்தான் நம்புவான், வாயை நம்ப மாட்டான். என்னைக் காட்டில் சுமந்த மனிதர் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார், நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? இந்த இடத்தில் நீங்கள் என் நிலையில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் மூப்பர்கள், நான் பதில் சொல்ல வந்தவன்.

அதற்குள் இஸ்காளைச் சுற்றிக் காவல் போட்டுவிட்டார்கள். கண் அடைந்துபோகும் என்றால் சாவாகவும் இருக்கலாம் அல்லவா. அவள் சாப்பிடுவதை முதலில் தாதி ரேயுமாள் சாப்பிட்டுப் பார்த்தாள். மாடிப்படி ஏற விடவில்லை. ஊசி, கத்தி எதுவும் அறையில் இல்லை. குதிரை லாயத்துப் பக்கம் போகக்கூடாது, தூசி. எனக்கும் ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் நான் தினமும் காலையில் போய் அவள் கண்ணைப் பரிசோதித்து, மருந்து கலந்த மை இட்டுவர வேண்டும். அவள் கண்ணைக் காப்பாற்றும் பொறுப்பை அரசர் என்னிடம் கொடுத்தார். நான் அதைக் கேட்டு வாங்கவில்லை, இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஐந்து வயதில் முதல் மை இட்டவனும் நான்தான். அப்போது அழுது என் சட்டை முழுக்கத் தேய்த்துவிட்டாள். வளர்ந்தபிறகு நன்றாகப் பேசுவாள்.

"மைக்காரரே, கை கழுவினீங்களா, இல்ல நேத்து ராணியம்மாவுக்குப் போட்ட மிச்சத்தோட வந்துட்டீங்களா?"

"கழுவினேன் அம்மணி."

"எங்க, காட்டுங்க. ரேயுமா, மோந்து பாரு. எங்க வீட்டுல இப்ப என் சோத்தைத் தவிர எல்லாத்தையும் நான்தான் சோதிச்சுப் பாக்கணும்."

ரேயுமாள் வேண்டுமென்றே என் கையை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். இருவரும் சிரித்தார்கள். எனக்கு அவள் மேல் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. பிரியம்தான் இருந்தது.

இரண்டாம் பிறை வரை காத்திருந்தேன். கர்த்தர் தாமே செய்வார் என்று பார்த்தேன். அவர் செய்யவில்லை. அவள் கண் முன்னைவிடத் தெளிவாகத்தான் இருந்தது, என் மருந்து அப்படி. அதனால் இரண்டாம் பிறை படித்த மறுநாள், இடது கண்ணுக்குரிய மையில் சேர்க்கக்கூடாத ஒன்றைச் சேர்த்தேன். அது என்ன என்று சொல்ல மாட்டேன். இந்தத் தொழில் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், யாருக்கும் தப்பான யோசனை வரவேண்டாம்.

ஏன் இடது மட்டும் என்று கேட்டீர்கள். அண்ணன் சொன்னது 'கண்ணு'. 'கண்ணுங்க' என்று சொல்லவில்லை. கர்த்தர் ஒன்று கேட்டிருக்கும்போது நான் எதற்காக இரண்டு கொடுக்க வேண்டும்? இதை நான் யோசித்துத்தான் முடிவு செய்தேன். அவள் வலது கையால் எல்லாம் செய்கிறவள், வலது கண் அவளுக்கு அதிகம் பயன்படும் என்பதையும் பார்த்தேன். முடிந்தவரை அவளுக்குக் குறைவான நஷ்டம் வரும்படிதான் செய்தேன்.

இருபது நாள் ஆயிற்று. முதலில் எரிச்சல். பிறகு, "மைக்காரரே, இந்தப் பக்கம் தயிர் வடிகட்டுற துணியைக் கட்டின மாதிரி இருக்கு," என்றாள். கீழ்க்காற்றில் வரும் பாலைவனத் தூசி என்று சொன்னேன். பத்து நாளில் கருவிழி மேல் வெள்ளை ஏறியது. அரசர் வேறு மருத்துவர்களை வரவழைத்தார். அவர்கள் பானை ஓட்டில் எழுதியிருந்ததைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார்கள். கண்ணைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், இது கர்த்தருடைய கை என்றார்கள். ஒருவர்கூட மைக் கிண்ணத்தை எடுத்துப் பார்க்கவில்லை. அன்று அரசர் தரையில் உட்கார்ந்து தலையில் சாம்பல் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. சீதோன் ராஜவீட்டிலிருந்து கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள் ஊருக்கு வெளியிலிருந்தே திரும்பிப் போய்விட்டார்கள்.

மூன்றாம் பிறையன்று வாசலில் கால் வைக்க இடமில்லை. சக்கூர் படித்து முடித்ததும் பாதிப் பேர் 'நடந்தது' என்றார்கள், மீதிப் பேர் 'இன்னும் இல்லை' என்றார்கள். சக்கூர் கையை உயர்த்தினார்.

"ஒரு கண்ணு போச்சு, வாஸ்தவம்தான். அதை அடைஞ்சு போச்சுன்னு சொல்லலாமா? நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணு சன்னல்ல நின்னுக்கிட்டு, 'சக்கூர் தாத்தா, தாடியில நொய் ஒட்டியிருக்கு'ன்னு என்னைக் கேலி பண்ணுச்சு. கண்ணு தெரியாத பொண்ணா அது?"

சிலர் சிரித்தார்கள். அரசர் மேலே மாடத்தில் இருந்து சொன்னார்: "நாள் இருக்கே. பார்ப்போம்."

அவர் என்ன எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியும். திராட்சை மிதிக்கிற நாள் வந்து, மகளுக்கு ஒரு கண்ணாவது மிச்சமிருந்து, அண்ணன் மேல் முதல் கல் விழ வேண்டும். அதற்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. ஊரைச் சுற்றித் தோட்டங்களில் குலைகள் கறுத்துக்கொண்டு வந்தன. காவல் அறையைத் தாண்டிப் போகிறவர்கள் உள்ளே திராட்சைத் தோலைத் துப்பினார்கள்.

அந்த நாட்களில் நான் ஒன்றும் செய்யவில்லை. இதையும் எழுதுங்கள். பதினேழு நாள் சுத்தமான மைதான் போட்டேன். ஒரு கண்ணோடு அவள் பழகிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போகும். ஊற்றிவிட்டு அவளே சிரிப்பாள். ஒரு நாள் மட்டும் சிரிக்காமல், "வலது பக்கமும் இப்படி ஆயிடுமா?" என்று கேட்டாள். ஆகாது என்றேன். சொன்னபோது அது உண்மைதான்.

திராட்சை மிதிக்க இரண்டு நாள் இருக்கும்போது வலது கண்ணும் போனது. இந்த முறை இருபது நாள் ஆகவில்லை, இரண்டு நாள்தான் ஆனது. அதிகம் சேர்த்தேன். ரேயுமாள் ஓடிவந்து என்னைத்தான் கூட்டிப்போனாள். நான் போய்ப் பார்த்துவிட்டு, அரசர் முன் மண்டியிட்டு, என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று சொன்னேன்.

அன்றே அண்ணனை விடுவித்தார்கள். அரசர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், அதில் குறை சொல்ல முடியாது. அண்ணன் வாசலுக்கு வந்தபோது ஊரே கூடியிருந்தது. போன வாரம் துப்பினவர்கள் அவர் கம்பளியின் ஓரத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள். எண்ணெய் வியாபாரி தான் கொண்டுவந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டிருந்தான். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். அண்ணன் மெலிந்திருந்தார், ஆனால் உயிரோடு இருந்தார். என் வாழ்நாளில் அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஒரு நாழிகை நேரம் இருந்திருக்கும்.

அப்போதுதான் ஏலோன் வந்தான். யெஸ்ரயேல் வீட்டின் சுனையைப் பார்த்துக்கொள்கிறவன். கண்கள் சிவந்திருந்தன, நெற்றியில் கட்டுத்துணியின் தடம் இருந்தது. கூட்டத்தைப் பார்த்து மிரண்டு போய் மூப்பரைத் தேடினான்.

"ஐயா, ராசாவுக்குச் சேதி வந்துச்சா? யெஸ்ரயேல் வீட்டுக் கண்ணு அடைஞ்சு போச்சே."

எங்கள் பேச்சில் பார்க்கிற கண்ணும் கண்தான், நீர் சுரக்கிற கண்ணும் கண்தான். சக்கூர் கையில் இருந்த ஓட்டைத் திருப்பிப் படித்தார். அரசர் வீட்டில் அடைத்து வைத்த கண். அவர் உதடு மட்டும் அசைந்தது.

அண்ணன் ஏலோன் பக்கத்தில் போனார். "என்னிக்குப்பா அடைஞ்சது?"

"இன்னியோட ஆறு நாள் சாமி. ராத்திரி லேசா நிலம் ஆடுச்சு, காலையில பாத்தா சேறுதான் இருக்கு. ரெண்டு நாள் தோண்டிப் பாத்தோம். ஒரு சொட்டு வரல. அப்புறம் ஒரு நாள் நடை."

"அப்ப மூணு நாள் முன்னாடியே நீ இங்க வந்திருக்கணுமே."

"வந்துட்டேனே. கண்ணெல்லாம் மண்ணு, வழியே தெரியல. நேரா மைக்காரர்கிட்டதான் போனேன். மருந்து போட்டு ரெண்டு கண்ணையும் கட்டி, மூணு நாளைக்குப் பிரிக்கக்கூடாது, வெளிய போகக்கூடாதுன்னு அவரு அறையிலயே படுக்க வெச்சாரு. சேதிய ராசாகிட்ட அவரே சொல்லிக்கிறேன்னாரு. தங்கமான மனுசன்."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் நாலு பேர் முன்னால் அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெதுவாக நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"கையக் கட்டிக்கிட்டு இருன்னுதானேடா சொன்னேன்," என்றார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. பிறகு மூப்பரிடம் திரும்பினார். "இவன் என் தம்பி. என் கூடப் பிறந்தவன். அந்தப் பொண்ணோட கண்ணைக் கர்த்தர் எடுக்கல, இவன் எடுத்தான். எந்தக் கண்ணுன்னு காவல்ல வந்து என்கிட்ட கேட்டவன் இவன். சாட்சி ரெண்டு பேர் வேணும்ல? அந்தச் சுனைக்காரன் ஒண்ணு, நான் ஒண்ணு."

இவ்வளவும் உங்களுக்கும் தெரிந்ததுதான். அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் உண்மை பேசுகிற மனிதர், அதற்காகத்தான் ஊர் அவரைக் கொல்லப் பார்த்தது.

சட்டமும் எனக்குத் தெரியும், கண்ணுக்குக் கண். இடது கண்ணைக் குறித்து நான் வாதாடப் போவதில்லை. அதை என் கை செய்தது, என் இடது கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கண்ணைப் பற்றித்தான் உங்களுக்கும் எனக்கும் பேச்சு. ஏலோன் சேதி கொண்டுவந்த பிறகு, அண்ணனை விடுவிக்க அந்தச் சேதியே போதுமாக இருந்தபோது, அவனை ஏன் கட்டிப் படுக்க வைத்தாய், மறுநாள் காலை கிண்ணத்தோடு ஏன் போனாய் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். சரி, சொல்கிறேன்.

ஏலோன் என் கதவைத் தட்டி, "கண்ணு அடைஞ்சு போச்சு" என்று சொன்னதும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. அண்ணன் சொன்ன அதே வார்த்தை. அந்த நிமிடமே அவனைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போயிருக்கலாம், நூறு அடிகூட இல்லை. எழுந்தேன், வாசற்படி வரைக்கும் போனேன். அப்போதுதான் இஸ்காளின் இடது கண் நினைவுக்கு வந்தது. கர்த்தர் சொன்ன கண் சுனைதான் என்றால், அந்தப் பெண்ணின் கண்ணை எடுத்தது யார்? ஊரில் ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் அதைக் கேட்பார். ஒற்றைக் கண் போன பெண்ணைப் பார்த்தால் யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். இரண்டும் போன பெண்ணைப் பார்த்தால் மேலே இருக்கிறவர் செய்தது என்று தோன்றும். திரும்பி வந்து ஏலோனுக்குக் கட்டுப்போட்டேன்.

மறுநாள் காலை அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

"இன்னிக்கு மை வேண்டாமே மைக்காரரே. இருக்கிற ஒண்ணையாவது சும்மா விட்டு வெப்போம்."

"அதைக் காப்பாத்தத்தான் அம்மணி போடுறேன்," என்றேன்.

"நீங்க சொன்னாச் சரி," என்று முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். கண்ணை இமைக்காமல் பிடித்துக்கொள்ள நான்தான் அவளுக்குச் சின்ன வயதில் கற்றுக்கொடுத்திருந்தேன். இமைக்கவில்லை.

என் அண்ணன் இன்று உயிரோடு இருக்கிறார். நான் செய்தது அத்தனையும் அதற்காகத்தான். ஏலோன் என் கதவைத் தட்டியபோதே அவர் பிழைத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், வலது கண்ணையும் நான் அவருக்காகத்தான் எடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.